காணாமல் போன நாலடி

வெளியே அளந்தால் இருநூற்றுப் பன்னிரண்டு அடி. உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் இருநூற்றெட்டு. நாலடியைக் காணோம்.

வேறு யாராவது அளந்திருந்தால் இந்த நாலடிக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பழைய கட்டடம், முன்னே பின்னே இருக்கும் என்று சுவருக்குக் கொஞ்சம், அறைக்குக் கொஞ்சம் பங்கு போட்டுத் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். அளந்தவள் அங்குலம். வரைவாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, மேலதிகாரியின் படத்தில் ஓர் அங்குலம் தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதற்காக அலுவலகம் சூட்டிய பெயர் அது. கோபப்பட்டுப் பார்த்தாள், ஒட்டிக்கொண்டது போகவில்லை. இப்போது அவள் ஆறு வயது மகள்கூடச் சண்டை வந்தால் "போ, அங்குலம்" என்கிறாள்.

அன்று விடுமுறை நாள். நகர மன்றக் கட்டடத்தில் அவளையும் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வந்த மேஸ்திரியையும் தவிர, வாசலில் ஒரு வாட்ச்மேன் மட்டும்தான். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவர்கள் வீட்டில் இருப்பதே அவளும் மகளும்தான். அப்பா என்று ஒருவர் இருந்தார், இப்போது சுவரில் படமாக இருக்கிறார். அதிலிருந்து மகளுக்கு ஒரு பழக்கம்: அம்மா எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குக் கதவருகே வந்து நின்றுவிடும்.

"எத்தன மணிக்கு?" என்று அன்று காலையும் கேட்டது.

"அஞ்சு."

"அஞ்சுன்னா அஞ்சா, இல்ல ஆறா?"

"அஞ்சுன்னா அஞ்சுதான்டி. நான் யாரு, அங்குலம்."

குழந்தை சிரித்தது. சிரித்த கையோடு அம்மாவின் பையிலிருந்த அழிரப்பரை, படம் வரைய வேண்டும் என்று எடுத்துக்கொண்டது. போகட்டும் என்று விட்டாள். அழிக்க முடியாதபோது பென்சில் எதற்கு என்று பேனாவோடு கிளம்பி வந்தாள்.

நூற்று நாற்பது வருடக் கட்டடம். நகரத்துக்கு ஒரு மன்றம் வேண்டும் என்று கட்டியது. முகப்பில் செங்கல் வளைவுகள், நடுவில் மணிக்கூண்டு, உள்ளே பலகணியோடு கூடிய சபைக் கூடம். தேக்கு இருக்கைகளின் கைப்பிடிகள், எத்தனையோ உறுப்பினர்கள் பேச வாய்ப்புக் கிடைக்காமல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகியிருந்தன. மேற்கிலிருந்து வரிசையாக நான்கு அறைகள்: வரி அலுவலகம், படிக்கட்டுக் கூடம், சபைக் கூடம், கடைசியில் ஆவண அறை. ஆவண அறைக்கு ஒரே வாசல், கிழக்கே. சன்னல் கிடையாது. வெயில் பட்டால் காகிதம் மக்கிவிடும் என்று கட்டியவர்கள் முன்யோசனையோடு விட்டுவிட்டார்கள்.

எல்லாச் சுவரும் இரண்டடி. கதவு நிலையில் அளந்தால் தெரிந்துவிடும். சபைக் கூடத்துக்கும் ஆவண அறைக்கும் நடுவே நிற்கும் சுவரில் மட்டும் கதவு இல்லை, சன்னல் இல்லை, ஒரு மாடம்கூட இல்லை. அதன் தடிமனை அளக்க வழியில்லை; அதையும் இரண்டடி என்றே கூட்டியிருந்தாள்.

"அந்தச் சுவத்துல ஆணி எறங்காது தங்கச்சி" என்றார் மேஸ்திரி. முப்பது வருடமாக இந்தக் கட்டடத்தின் பழுதுகளைப் பார்ப்பவர். "நானும் பாத்துட்டேன். மூணு ஆணி வளஞ்சிடுச்சு."

மதியச் சாப்பாட்டின்போது அவள் பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தாள். மூன்று படங்கள். கட்டிய காலத்தில் துணி ஒட்டிய தாளில் வரைந்தது ஒன்று. அதில் அந்தச் சுவர் இரண்டடி, கட்டடம் இருநூற்றெட்டு. நாற்பது வருடம் கழித்து மணிக்கூண்டு விரிசல் விட்டபோது மறுபடி அளந்திருக்கிறார்கள். சுவர் நாலடி, கட்டடம் இருநூற்றுப் பத்து. பிறகு ஒரு தீ விபத்து, மறுபடி அளவு; சுவர் ஆறடி, கட்டடம் இருநூற்றுப் பன்னிரண்டு. கெட்டிச் சுவர் என்று காட்டச் சாய்கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தார்கள். பின்னால் வந்த இரண்டு படங்களிலும் அளந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலி.

"யாரும் ஆறடிச் சுவர் கட்ட மாட்டாங்க அண்ணே. கணக்கு உதைச்சிருக்கு, மிச்சத்தச் சுவத்துல தள்ளிட்டாங்க. இதப் பாருங்க, ஆவண அறைக்கு வாசலே போடல. ரெண்டு பேருமே மறந்திருக்காங்க."

அது அவள் தொழிலில் எல்லோரும் செய்கிற பிழை. முதலில் நான்கு சுவரையும் விடாமல் கோடாகப் போட்டுவிட வேண்டும், பிறகுதான் கோட்டை அழித்து வாசல் திறக்க வேண்டும். சுவரைப் போட்ட அலுப்பில் வாசலை மறந்தவர்கள் உண்டு. மேலதிகாரி தினமும் சொல்வார், ஆளை உள்ளே வைத்துக் கட்டிவிடாதீர்கள் என்று.

"மறந்தாங்களோ என்னவோ" என்று மேஸ்திரி டிபன் பாக்ஸை மூடினார். "ரெண்டு பேரும் பாதியில விட்டுட்டுப் போனவங்கதான். திரும்பி வரவே இல்லன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க."

அவளுக்கு வேறு சந்தேகம். டேப்பின் முனை வளையம் உடைந்து போனதால் அவர்கள் ஓரடிக் குறியில் பிடித்து அளந்துவிட்டு, வந்த எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்வது வழக்கம். மேஸ்திரி மறந்துபோய் முனையிலேயே பிடித்திருந்தால் அறைக்கு ஓரடி குறையும். நான்கு அறை, நாலடி. கணக்குக் கச்சிதமாக இருந்தது. மேஸ்திரி கொஞ்சம் முறைத்தார், ஆனாலும் எழுந்தார்.

வரி அலுவலகம் காலையில் வந்த அளவுதான். படிக்கட்டுக் கூடமும். சபைக் கூடமும். கடைசி எண்ணை எழுதும்போது மேஸ்திரி ஏதோ சொன்னார், அவள் "ம்" என்றாள். கூட்டல் போடும்போது அவள் காதில் இடி விழுந்தாலும் கேட்காது. தலையைத் தாளில் புதைத்தபடியே நடந்து ஆவண அறைக்குள் போனாள்.

மேலே ஒரே ஒரு குழல்விளக்கு. இரண்டு பக்கமும் கூரை வரை இரும்பு அலமாரிகள், கட்டுக்கட்டாகக் காகிதம், பழைய பசையும் கரப்பான் மருந்தும் கலந்த நெடி. கடைசியில் ஓர் அலமாரி குறுக்கே நின்று அந்தக் கெட்டிச் சுவரை மறைத்தது. காலையில் மேஸ்திரி அதன் பின்னால் குந்தித்தான் டேப்பைப் பிடித்தார். அவள் அதுவரை நடந்து, டேப்பின் முனையைக் காலால் அலமாரிக்கு அடியில் தள்ளினாள்.

"பிடிச்சுக்கோங்க அண்ணே. ஓரடியில."

முனையை உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. டேப்பை விட்டுக்கொண்டே வாசல் வரை பின்னால் நடந்து வந்து, சுவரோரம் குந்தினாள்.

"பிடிச்சாச்சு."

குரல் கம்மியிருந்தது. இத்தனை காகிதத்துக்கு நடுவே எந்தக் குரலும் கம்மும், போதாததற்குத் தூசி. டேப் இரண்டு முறை மெல்லச் சுண்டியது. படிக்கலாம் என்று அர்த்தம், அது மேஸ்திரியின் பாஷை. இருபத்தைந்து. ஒன்று போக இருபத்துநாலு. காலையில் வந்ததேதான்.

சரிபார்க்கத்தானே என்று புதுத் தாளில் பேனாவால் ஒரு செவ்வகம் இழுத்தாள். நான்கு கோடு. குறுக்களவு முன்பே தெரியும், 11 என்று நடுவில் எழுதினாள். நீளத்தை எழுதுமுன் ஒரு தடவை உறுதி செய்துகொள்வது அவள் வழக்கம்.

"அண்ணே, சுவத்தத் தொட்டுப் பிடிச்சிருக்கீங்களா?"

டேப் நகர்ந்தது. அவள் பிடித்திருந்த டேப்பின் கைப்பெட்டியிலிருந்து சரசரவென்று கொஞ்சம் உருவிக்கொண்டு போனது. பிறகு இரண்டு சுண்டு.

"பிடிச்சாச்சு."

இருபத்தேழு.

அப்படியானால் முன்னே பிடித்தது சுவரில்லை, அலமாரிக் காலாக இருக்கும் என்று நினைத்தாள். காலையிலும் அப்படித்தானோ? கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. இரண்டடி கிடைத்துவிட்டது அல்லவா. "நல்லா எட்டிப் பிடிங்கண்ணே" என்றாள். டேப் மறுபடி உருவிக்கொண்டு போனது, இந்த முறை நிதானமாக, ஒவ்வோர் அங்குலமாக, ஏதோ இடுக்கில் உரசுகிற சத்தத்தோடு.

"பிடிச்சாச்சு."

இருபத்தொன்பது. ஒன்று போக இருபத்தெட்டு. முன்னைவிட நாலடி அதிகம். இருநூற்றெட்டும் நாலும் இருநூற்றுப் பன்னிரண்டு. கணக்கு நேர்! அவளுக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. மணி நான்குகூட ஆகவில்லை, குழந்தை கதவருகே வருமுன்பே போய் நின்று ஆச்சரியப்படுத்தலாம்.

தரையைப் பார்த்தாள். ஓரடிச் சதுரக் கல் பாவிய தரை. பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தால் எண்ணுகிற கண் அவளுடையது. குறுக்கு அலமாரி வரை இருபத்தொரு கல். அதற்கப்பால் மூன்று கல், காலையில் பார்த்ததுதான். ஆக இருபத்துநாலு. டேப் இருபத்தெட்டு என்கிறது. டேப்பின் முனை சுவருக்குள்ளே நாலடி போயிருந்தால் ஒழிய.

விளக்கு அணைந்தது.

மின்தடை என்று நினைத்து செல்போன் டார்ச்சைப் போட்டாள். போட்ட கையிலேயே போன் அடித்தது. மேஸ்திரி.

"தங்கச்சி, எங்க இருக்கீங்க? இந்த வாட்ச்மேன் பய நீங்களும் என்கூட வெளிய வந்துட்டீங்கன்னு மெயின எறக்கிட்டுப் பூட்டிட்டுக் கெளம்பிட்டான். நான் டீக்கடையிலேர்ந்து இப்பதான் வரேன். உள்ளயா இருக்கீங்க?"

அவள் வலது கையில் போன். இடது கையில் டேப். டேப் விறைப்பாக இருந்தது.

"நீங்க... நீங்க எப்ப வெளிய போனீங்க?"

"சபைக் கூடம் முடிஞ்சதுமே. சொல்லிட்டுத்தானே வந்தேன்? நீங்ககூட 'ம்'னீங்களே. பயப்படாதீங்க, அவனுக்குப் போன் போட்டுட்டேன், அஞ்சு மணிக்குள்ள..."

டேப் சுண்டியது. இரண்டு முறை. மெல்ல.

அவள் கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. போன் கைநழுவித் தரையில் விழுந்து, வழவழப்பான கல்லில் சறுக்கி, எங்கோ ஓர் அலமாரிக்கு அடியில் போய் நின்றது. டேப்பை உதறிவிட்டுத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் வாசல். ஓரெட்டு. கையை நீட்டினாள்.

சுவர்.

கொஞ்சம் தள்ளியிருக்கும். இடப்பக்கம் தடவினாள், சுண்ணாம்பு உதிர்ந்தது. வலப்பக்கம் தடவினாள், அலமாரி. திரும்பி வந்தாள். கதவு நிலை மரம், கை பட்டால் தெரியும். மரமே படவில்லை. சுவர், அலமாரி, அலமாரி, மூலை, சுவர், மூலை, அலமாரி. தொட்டுக்கொண்டே முழு அறையையும் சுற்றினாள். மறுபடி சுற்றினாள், எதிர்ப்பக்கமாக. ஓர் அறையின் நான்கு பக்கத்திலும் வாசல் இல்லை என்பதை எத்தனை முறை தடவித் தெரிந்துகொள்வது? எது கிழக்கு, எது மேற்கு என்பதும் போய்விட்டது.

ஓர் அலமாரியின் கீழே கோடாக வெளிச்சம். போன். மண்டியிட்டாள். இடுக்கில் விரல் நுழைந்தது, கை நுழையவில்லை. "அண்ணே! மேஸ்திரி அண்ணே!" அழைப்பு எப்போதோ அறுந்திருந்தது.

அந்தக் கோட்டு வெளிச்சத்தில் அவள் தாள் கிடந்தது. நான்கு கோடு. விடாமல், அழுத்தமாக, பேனாவால். வாசல் திறக்கவில்லை.

அவள் அதையே பார்த்தாள். மதியம் பார்த்த இரண்டு படங்கள் நினைவுக்கு வந்தன. வாசல் இல்லாத அறை. காலியான கையெழுத்துக் கட்டம். இது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் பையைக் கவிழ்த்து அழிரப்பரைத் தேடினாள். அது காலையில் சிரித்துக்கொண்டே போய்விட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், மை பரவியது, கோடு போகவில்லை. அலமாரிகளுக்கு அந்தப் பக்கம் யாரோ குந்தியிருந்து எழுந்தால் முட்டி சொடுக்குமே, அந்தச் சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

வீட்டுச் சாவியை எடுத்தாள். அதன் நுனியால், அறையின் கிழக்குக் கோட்டை, வாசல் இருந்த இடத்தில், சுரண்டினாள். தாள் கிழிந்துவிடக்கூடாது. கோடு மட்டும் போக வேண்டும். சுரண்டச் சுரண்ட இருட்டில் எங்கோ சுண்ணாம்பு உதிர்ந்தது. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. மறுபடி சுரண்டினாள், உதிர்ந்தது. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. மூன்றடி அகலம், அளவு தப்பாமல் சுரண்டினாள். கடைசித் துணுக்கு மை போனதும் அறைக்குள் காற்று வந்தது.

குளிர்ந்த காற்று. வாசல். எழுந்து ஓடினாள். தோள் எதிலோ மோதியது, ஓடினாள். அலமாரி இடித்தது, சுற்றிக்கொண்டு ஓடினாள். கையை நீட்டினாள், சுவர் இல்லை. விளிம்பு கையில் பட்டது, திறப்பு! "வந்துட்டேன்டி கண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உள்ளே காலை வைத்தாள்.

காலடியில் நெளிந்தது. டேப்.

கிழக்கு வாசலில் டேப்பின் கைப்பெட்டிதான் கிடக்க வேண்டும். இது முனை. விரலால் தடவினாள். உடைந்த வளையம்.

தாள் இன்னும் கையில் இருந்தது. அதில் திசை போடவில்லை. சரிபார்க்கத்தானே என்று விட்டது. இருந்த ஒரே எண் 11. எந்தப் பக்கம் திருப்பினாலும் 11.

தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

திரும்பினாள். முழங்கை சுவரில் இடித்தது. இந்தப் பக்கமும் இடித்தது. பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர். வந்த வழி இல்லை. நெஞ்சுக்கு முன்னால் அரையடி. முதுகுக்குப் பின்னால் அதுவுமில்லை. உட்கார முடியாது. இரண்டடி. அளக்காமலே தெரிந்தது.

கத்தினாள். குரல் வாயைத் தாண்டவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவருக்கு அப்பால், எங்கோ பூட்டுத் திறந்தது. பிறகு ஆவண அறைக் கதவு கிரீச்சிட்டது. இருந்திருக்கிறது அந்தக் கதவு. அந்தப் பக்கத்தில், எப்போதும் போல.

"தங்கச்சி! தங்கச்சி?" மேஸ்திரியின் குரல். காலடிகள். "யாரையும் காணோமே."

"பின்பக்கமா கெளம்பியிருப்பாங்க." வாட்ச்மேன். "பின்கதவுத் தாழ்ப்பாள் உள்ளேர்ந்து தொறக்கறதுதானே."

போன் அடித்தது. அந்த மெட்டு அவளுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்து மகள் கூப்பிட்டால் என்று வைத்தது. ஐந்து மணி. குழந்தை கதவருகே நிற்கிறது. மேஸ்திரி முனகிக்கொண்டே எதையோ நகர்த்திப் போனை எடுப்பது கேட்டது.

"கண்ணு, நான் மேஸ்திரி மாமா. அம்மா போன வச்சுட்டுக் கெளம்பிட்டாங்கடா. வந்துட்டே இருப்பாங்க. நீ அங்கயே நில்லு."

நான் இங்கே இருக்கிறேன் என்று கத்தினாள். சுவரை அறைந்தாள். இங்கே, இங்கே, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில். சுவரை அடிக்கிற கை அவளுக்கே கேட்கவில்லை.

"டேப்பக்கூடச் சுத்தாம போய்ட்டாங்க, பாரு" என்றார் மேஸ்திரி. "அவங்க அப்படிப்பட்ட ஆளே இல்லையே."

காலடியில் டேப் அசைந்தது. அவர் சுற்றுகிறார். வளையம் அவள் பாதத்தை உரசிக்கொண்டு சுவரின் அடி இடுக்கை நோக்கி நகர்ந்தது. அதுவும் போய்விட்டால் ஒன்றும் இல்லை. உடம்பைத் திருகி, சுவரில் கன்னம் தேய, முட்டி மடக்க இடமில்லாமல் மடக்கி, கையைக் கீழே விட்டு எட்டிப் பிடித்தாள். சரியாக ஓரடிக் குறியில். அங்கே ஏற்கெனவே ஒரு கட்டைவிரல் இருந்தது. காய்ந்து, சில்லென்று. அதன் மேல் இன்னொன்று.

டேப் விறைத்தது.

"எதுலயோ மாட்டிக்கிச்சு" என்ற மேஸ்திரி, பயத்தை மறைக்கிற ஆள் போல லேசாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, முப்பது வருடப் பழக்கத்தில், காலி அறையைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன, பிடிச்சாச்சா?"

அவள் வாயைத் திறந்தாள். மகளின் பெயரைச் சொல்லத்தான் திறந்தாள்.

"பிடிச்சாச்சு" என்றது சுவர், மூன்று குரலில்.